வாசலைத் தாண்டியவளுக்கு விலாசம் உண்டா?

"பொறுத்துப் போ, பெண்ணே! கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன்!" இது பாட்டன் காலத்து உபதேசம்.

"மீண்டு எழு, பெண்ணே! மலையையும் பெயர்க்கும் உறுதி உன் மனத்திலே இருக்கிறது!" இது பேரன் காலத்து உபதேசம்.

முன்னது, அடி விழும் வீட்டுக்குள்ளேயே அவளை அடைத்து வைத்தது. பின்னது, அடி தாங்காமல் வெளியே வந்தவளை நடுத்தெருவில் நிறுத்தி, கைதட்டி, மாலை போட்டுவிட்டு, மறைந்து போகிறது. முன்னதைச் சொன்னவர் புராணிகர். நெற்றியிலே நீறு, கையிலே ஏடு. பின்னதைச் சொல்பவர் நாகரிகர். கையிலே ஒலிபெருக்கி, தோளிலே துண்டு. அந்தத் துண்டின் கரை சில வேளைகளில் நம்முடைய கரையாகவும் இருக்கிறது என்பதைத்தான், தோழர்களே, இந்தக் கட்டுரையில் பேச வந்திருக்கிறோம்.

இரண்டு உபதேசங்களுக்கும் ஒரு பொருத்தம் உண்டு. இரண்டுக்கும் செலவு கிடையாது! சொல்பவனின் பையிலிருந்து ஒரு காசு குறையாது. அவன் வீட்டுத் திண்ணையில் ஒரு சாண் இடம் குறையாது. அவனுடைய ஒரு நாள் ஓய்வுகூடக் குறையாது. சகித்துக்கொள்ள வேண்டியவளும் அவளே; சாதித்துக் காட்ட வேண்டியவளும் அவளே! பாரம் முழுவதும் அவள் தோளில். பாராட்டு மட்டும் நம் வாயில்!

நாம் சொல்கிறோம்: மன உறுதி என்பது மார்புக்குள்ளே சுரக்கும் மாய அமுதம் அன்று. உள்ளிருந்து தாழிட்டுக்கொள்ளக்கூடிய ஓர் அறை. மாதம் பிறந்தால் கைக்கு வரும் கூலி. பிள்ளைக்கு ஒரு பள்ளி. அவள் பெயரிலே ஓர் அட்டை. நீதிமன்ற வாசலில் உடன் நிற்க ஓர் ஆள். இந்த ஐந்தும் கிடைத்தால் அஞ்சி நடுங்கியவளும் நிமிர்ந்து நிற்பாள். இந்த ஐந்தும் இல்லையேல், வீராங்கனையும் ஒரு மாதத்தில் அதே வாசலுக்குத் திரும்பிப் போவாள். அப்போது, "பார்த்தீர்களா, அவளே போய்விட்டாள்!" என்று பரிகசிக்கும் உரிமை நமக்கு இல்லை. போகவிட்டவர்கள் நாம்!

எண்ணிக்கை என்ன சொல்கிறது?

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று 2019–21இல் நடந்தது. மணம் செய்துகொண்ட 18 முதல் 49 வயதுவரையிலான தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையைக் கண்டவர்கள் என்று அது கணக்கெடுத்தது. சீர்திருத்தம் பேசிய நாடு, சுயமரியாதைச் சுடர் ஏந்திய நாடு, பெண்கல்வியில் பிறருக்கு வழிகாட்டும் நாடு; இந்த நாட்டிலே நூற்றுக்கு 38! அதே கணக்கெடுப்பு இந்தியா முழுமைக்கும் இன்னொன்றையும் சொன்னது: அடியோ பாலியல் கொடுமையோ அனுபவித்த பெண்களில் யாரிடமாவது உதவி தேடியவர்கள் நூற்றுக்கு 14 பேர் மட்டுமே. மிச்சமுள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் வாய் மூடிக் கிடந்தார்கள்.

ஏன் மூடினார்கள்? கோழைகளா? அறிவற்றவர்களா? இல்லை, கணக்குப் போடத் தெரிந்தவர்கள். உள்ளே இருந்தால் அடி. வெளியே வந்தால் பட்டினி. உள்ளே இருந்தால் ஒருவன் ஏசுவான். வெளியே வந்தால் ஊரே ஏசும். இரண்டையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாய் மூடுகிறாள். அவள் கணக்கு தவறு அன்று, தோழர்களே! அந்தக் கணக்கில் நாம் வைத்திருக்கும் எண்களே தவறு.

2025 ஜூன் மாதத்தில் அவிநாசிப் பக்கத்திலே ஒரு புதுமணப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டாள். மணமாகி மூன்று மாதம்கூட நிறையவில்லை. தந்தைக்கு அவள் அனுப்பிய குரல் பதிவுகளை நாடே கேட்டது. வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது. தீர்ப்பு அங்கே வரட்டும். நாம் எழுப்புவது வேறு கேள்வி. செல்வம் உண்டு, கல்வி உண்டு, தாங்குவதற்குத் தாயும் தந்தையும் உண்டு. அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணுக்கே, அந்த வீட்டைவிட்டு வந்தபின் ஒரு வாழ்வு இருக்கிறது என்று தோன்றாமல் போனதே, ஏன்? வாழாவெட்டி என்ற ஒரு சொல்லை வைத்திருக்கிறோமே, வெட்டரிவாளைவிடக் கூரிய சொல்! மணம் முறிந்தவள் வாழவே இல்லை என்று தீர்ப்பளிக்கும் அந்தச் சொல்லை உருவாக்கியது யார்? ஒழிக்காமல் விட்டது யார்?

சட்டம் கதவைத் திறந்தது

இந்த மண் வாய் திறவாத மண் அன்று. இன்றைய திருவள்ளூர் மாவட்டம் 1997இல் பிறந்தது. அதற்கு முன் அது செங்கற்பட்டு மாவட்டத்தின் பகுதி. அந்தச் செங்கற்பட்டிலேதான் 1929 பிப்ரவரி 17, 18 நாள்களில் முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு கூடிற்று. சொத்திலே ஆணுக்குச் சமமான உரிமை பெண்ணுக்கு வேண்டும் என்றது. தன் துணையைத் தானே தேடும் உரிமை வேண்டும் என்றது. ஒத்துவராத மணத்தை விலக்கிக்கொள்ளும் உரிமையும் வேண்டும் என்றது. "மணவிலக்கா! குலமகள் வாயில் வரலாமா அந்தச் சொல்!" என்று வைதிகம் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்ட காலம் அது.

பிறகு என்ன நடந்தது? 1949இல் சென்னை மாகாணம் இருதார மணத்தைத் தடுத்து மணவிலக்குக்கு வழி செய்யும் சட்டத்தை இயற்றிற்று. 1955இல் இந்து திருமணச் சட்டம் நாடு முழுமைக்கும் வந்தது. 1967இல் சுயமரியாதைத் திருமணம் சட்டத்தின் ஏற்பைப் பெற்றது. 1989இல் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு உண்டு என்று தமிழ்நாடு எழுதிற்று. அதை இந்திய நாடு எழுத 2005 ஆயிற்று. அதே 2005இல் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் சட்டம் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடப்புக்கு வந்தது.

இந்தச் சட்டத்தை நம் இளைஞர்கள் எத்தனை பேர் படித்திருக்கிறார்கள்? கணவனோடு வாழ்ந்த வீட்டிலே, அது எவர் பெயரில் இருந்தாலும், குடியிருக்கும் உரிமை மனைவிக்கு உண்டு. அவளை அடிப்பதற்கும் அண்டுவதற்கும் தடையாணை பெறலாம். வாழ்க்கைச் செலவுக்குப் பணம் பெறலாம். பிள்ளையைத் தன்னிடம் வைத்துக்கொள்ள ஆணை பெறலாம். தன் நகையையும் சீர்ப்பொருளையும் திரும்பக் கேட்கலாம். தடையாணையை மீறினால் ஓராண்டுவரை சிறை. மனு கொடுத்த மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, 60 நாளுக்குள் முடிவு என்று முயலும்படி சட்டமே சொல்கிறது. மணமான ஊரில்தான் மனு கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை: அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலோ, வேலை பார்க்கும் ஊரிலோ கொடுக்கலாம். வழக்கறிஞருக்குக் காசு இல்லையே என்று கலங்கவும் வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், வருமானம் பாராமல் ஒவ்வொரு பெண்ணுக்கும் இலவசச் சட்ட உதவியை உரிமையாக்கியிருக்கிறது.

ஆக, கதவு திறந்துவிட்டது. 1929இல் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் கதவுக்கு அப்பால்? அங்கேதான், தோழர்களே, பாதையே போடப்படவில்லை!

கும்மிடிப்பூண்டியில் ஒரு நாள்

சென்னையிலிருந்து வடக்கே மின்ரயில் ஏறினால், எண்ணூரும் மீஞ்சூரும் பொன்னேரியும் கவரைப்பேட்டையும் கடந்து கும்மிடிப்பூண்டி. இரும்பு உருக்கும் உலைகள், உதிரிப்பாகம் செய்யும் கூடங்கள், புகைபோக்கிகள். சிப்காட் பேருந்துகள் விடியுமுன்னே ஆள் ஏற்றிப் போகின்றன. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்கள் ஒருபுறம். ஈழத்தமிழர் முகாம் மறுபுறம். பயிர்த்தொழில் பொய்த்துப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் இன்னொருபுறம். வேலை இருக்கும் ஊர் என்று நம்பி, கையில் ஒரு பையும் இடுப்பில் ஒரு பிள்ளையுமாக, அடித்த கணவனைவிட்டு வந்த பெண் இங்கே இறங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் வீடு. "வீட்டுக்காரர் என்ன செய்கிறார்?" இது வாடகைக்கு விடுபவரின் முதற்கேள்வி. வாடகை எவ்வளவு தர முடியும் என்பது இரண்டாவது கேள்விதான்! கணவன் குடிகாரனாக இருக்கலாம், கடன்காரனாக இருக்கலாம், காவல் நிலையத்தில் பெயர் பதிந்தவனாகக்கூட இருக்கலாம். இருந்தால் போதும், வீடு உண்டு. ஒருவனும் இல்லை, ஒழுக்கமாக உழைத்துப் பிழைப்பேன் என்பவளுக்கு, "தனிப் பொம்பளைக்கு விடுவதில்லை" என்று பதில் வரும். விட மனம் வந்தவரும் பல மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பார். தாலியைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவளிடம் அடகு வைக்கத் தாலியும் இல்லை!

"வீடு கிடைக்கவில்லையா? ஆறு செவ்வாய்க்கிழமை சிறுவாபுரி முருகனைச் சுற்றி வா, வீடு அமையும்" என்று ஆலோசனை சொல்லப் பக்கத்திலேயே ஆள் இருக்கிறது. "பெரியபாளையத்தில் வேப்பஞ்சேலை கட்டு, உன் கணவனே திருந்துவான்" என்று சொல்லவும் ஆள் இருக்கிறது. பன்னிரண்டு கையும் படைத்தவர், அட்வான்ஸ் தொகைக்கு ஒரு கையையாவது நீட்டியதுண்டா? வேம்பைச் சுற்றிக்கொண்டு நடப்பவள் இவள். திருந்த வேண்டியவன் சாராயக் கடையில். நோய் ஒருவனுக்கு, மருந்து இன்னொருத்திக்கு! இந்த வைத்தியத்தை எந்த மருத்துவமனை ஏற்கும்?

அடுத்து வேலை. வேலை உண்டு, ஆனால் ஒப்பந்தக்காரரின் கீழே. காலை ஷிப்டு ஒரு வாரம், இரவு ஷிப்டு ஒரு வாரம். இரவு ஷிப்டுக்குப் போனால் பிள்ளை எங்கே தூங்கும்? முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே எழுதிற்று. 2017இல் மகப்பேற்றுச் சட்டம் திருத்தப்பட்டபோது, ஐம்பது பேர் வேலை செய்தாலே காப்பகம் வேண்டும், நாளுக்கு நான்கு முறை தாய் சென்று பார்க்கலாம் என்றும் எழுதப்பட்டது. ஏட்டிலே தொட்டில் ஆடுகிறது. ஆலைக்குள்ளே எத்தனை தொட்டில் ஆடுகிறது என்று எண்ணிப் பார்க்கும் வேலையை நம் இளைஞர் மன்றங்கள் எடுத்துக்கொண்டால் என்ன?

2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. ஆலைக்கு ஆள் தேவை என்றதும், எழுநூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு இத்தனை கட்டில்களை அடுக்க முடிந்தது. நல்லது, வரவேற்கிறோம். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ராய்ட்டர் செய்தி நிறுவனம் ஒரு புலனாய்வை வெளியிட்டது. அங்குள்ள பாக்ஸ்கான் ஆலையில், ஐபோன் பொருத்தும் வேலைக்கு வந்த மணமான பெண்கள் ஒதுக்கப்பட்டார்கள் என்று அது எழுதியது. நிறுவனம் மறுத்தது, ஒன்றிய அரசு மாநிலத்திடம் அறிக்கை கேட்டது. வழக்காடுவது நம் நோக்கமன்று. நாம் கேட்பது இதுதான்: மணமாகாத இளம்பெண்ணுக்குக் கட்டில் உண்டு, கணவனோடு வாழ்பவளுக்குக் கணவன் வீடு உண்டு, கணவனைவிட்டு, கைக்குழந்தையோடு வந்தவளுக்கு எந்தப் பட்டியலில் இடம்?

ஐந்து நாளும் ஐந்து ஆண்டும்

"அரசு திட்டங்கள் வைத்திருக்கிறதே!" என்பீர்கள். வைத்திருக்கிறது. மாவட்டத்துக்கு ஒன்றாக ஒருங்கிணைந்த சேவை மையம் என்று 2015இல் தொடங்கிய திட்டம் இருக்கிறது. 181 என்று அழைத்தால் வழிகாட்டும் மகளிர் உதவி எண் 2018 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. இவற்றை இழித்துரைக்க மாட்டோம். நள்ளிரவில் துரத்தப்பட்டவளுக்கு அந்த எண் உயிர்மூச்சு. ஆனால் அந்த மையத்தில் தங்குவதற்குத் திட்டம் வகுத்த அளவு எவ்வளவு தெரியுமா? ஐந்து நாள்! பதினைந்து ஆண்டு அடிமை வாழ்வைக் கழற்றி எறிந்து, புது வாழ்வைக் கட்டிக்கொள்ள ஐந்து நாள். அதற்குப் பின் நீண்டகால இல்லத்துக்கு அனுப்புவார்கள். அது எங்கே இருக்கும், அங்கிருந்து ஆலைக்கும் பள்ளிக்கும் எப்படிப் போவாள் என்பது வேறு கவலை.

இன்னொரு திட்டத்தைப் பாருங்கள்: கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கான உதவித்தொகை. 1986இல் தொடங்கிய அந்தத் திட்டம் போற்றத்தக்க எண்ணத்தில் பிறந்தது. ஆனால் வகுத்த தகுதி என்ன? வயது முப்பது நிறைந்திருக்க வேண்டும். மணவிலக்கோ, நீதிமன்றம் தந்த பிரிவுச் சான்றோ பெற்றிருக்க வேண்டும். இல்லையேல் கைவிடப்பட்டு ஐந்தாண்டு கழிந்திருக்க வேண்டும். தங்குவதற்கு ஐந்து நாள். உதவிக்குக் காத்திருக்க ஐந்து ஆண்டு! நடுவிலே உள்ள 1,820 நாள்களை அவள் எதைத் தின்று கழிப்பாள்?

சொல்லையும் கவனியுங்கள்: கைவிடப்பட்டவள். அவன் விட்டால்தான் உதவி. அவளாகவே, "போதும் உன் வாழ்வு" என்று தலைநிமிர்ந்து வெளியேறினால், அவளைக் குறிக்க அரசு ஏட்டிலே ஒரு சொல்கூட இல்லை. தூக்கி எறியப்பட்ட பொருளுக்கு இரக்கம் உண்டு. எழுந்து நடந்த மனிதருக்குப் பெயரே இல்லை! 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகையைப் பெரும் முன்னேற்றம் என்று கருதுகிறோம். பெண்ணின் கைக்கே பணம் வருவது பெரிய மாறுதல். ஆனால் அந்த வாசலுக்கும் சாவி, குடும்ப அட்டை. அட்டையோ அடித்தவன் வீட்டுப் பரணிலே!

தூரத்தையும் சொல்லிவிடுவோம். கும்மிடிப்பூண்டியும் திருவள்ளூரும் ஒரே மாவட்டம். ஆனால் வேறு வேறு இருப்புப்பாதை. மாவட்டத் தலைநகருக்கு ரயிலில் போக வேண்டுமானால் சென்னைப் பக்கம் இறங்கி, பேசின் பிரிட்ஜில் மாறி, அரக்கோணம் வண்டியைப் பிடித்து மேற்கே போக வேண்டும். சாலையில் போனால் பெரியபாளையம் சுற்றிப் பேருந்து மாறிப் பயணம். பாதுகாப்பு அலுவலரைப் பார்க்க ஒரு நாள், சான்றுக்கு ஒரு நாள், வாய்தாவுக்கு ஒரு நாள். ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி. 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னது. வாய்தா என்ற சொல் சட்டத்தைவிட வலிமையானது என்று நீதிமன்ற வாசலில் காத்திருக்கும் பெண்கள் சொல்கிறார்கள்.

பள்ளி வாசலில்

சுண்ணக்கட்டி பிடிக்கும் தொழில் நமது. ஆகவே நம் வாசலையும் விட்டுவைக்க மாட்டோம். இடையிலே வந்து சேரும் பிள்ளையின் தாயிடம், "மாற்றுச் சான்றிதழ் எங்கே? அப்பா கையெழுத்து எங்கே?" என்று கேட்கும் பழக்கம் பள்ளிகளில் இன்னும் சாகவில்லை. எந்தக் கையிலிருந்து தப்பி வந்தாளோ, அந்தக் கையிடமே கையெழுத்து வாங்கி வா என்று அவளைத் திருப்பி அனுப்புவது எத்தகைய கொடுமை! 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தெளிவாகப் பேசுகிறது: மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்பதற்காக எட்டாம் வகுப்புவரை எந்தப் பிள்ளையின் சேர்க்கையையும் மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது, வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்கக் கூடாது, ஆண்டின் நடுவில் வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆசிரியத் தோழர்களே, இந்த மூன்று வரியை அலுவலக அறையின் சுவரிலே எழுதி ஒட்டுங்கள். சரசுவதி படத்தைவிட அது பிள்ளைகளுக்குப் படிப்பைத் தரும்!

"பிள்ளைக்காகவாவது பொறுத்துக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்பவர்கள் ஒரு நாள் எங்கள் வகுப்புக்கு வரட்டும். மேசையைச் சற்று ஓங்கித் தட்டினால் தலையைக் கையால் மூடிக்கொள்ளும் பிள்ளையைக் காட்டுகிறோம். இரவெல்லாம் விழித்திருந்து, கணக்கு வகுப்பில் கண் சொருகும் பிள்ளையைக் காட்டுகிறோம். அந்தப் பிள்ளைக்காகத்தான் அவள் வெளியே வர வேண்டும்! அரசு தொடக்கப்பள்ளிகளில் 2022இல் தொடங்கி 2023இல் எங்கும் பரவிய காலை உணவுத் திட்டத்தை, விடியுமுன் ஆலைக்குப் போகும் ஒரு தாயின் கண்கொண்டு பாருங்கள். ஒரு கிண்ணம் உப்புமா அவளுக்கு ஒரு மணி நேரத்தைக் கொடுக்கிறது. ஒரு வேலையைக் காத்துக் கொடுக்கிறது. நூறு வாழ்த்துப்பாக்கள் தராத உறுதியை அந்த ஒரு கிண்ணம் தருகிறது.

தனியாக நிமிர்ந்தவர் எவர்?

"அப்படியெல்லாம் இல்லை, உறுதியுள்ளவள் எப்படியும் மீள்வாள், ருக்மாபாய் மீளவில்லையா?" என்று வரலாறு பேசுவோர் உண்டு. பேசுவோம் வரலாற்றை. பதினோரு வயதில் மணம் முடிக்கப்பட்ட ருக்மாபாய், வளர்ந்தபின் அந்தக் கணவனோடு வாழ மறுத்தார். 1884இல் பம்பாய் நீதிமன்றத்தில் வழக்கு. 1887இல், கணவனிடம் போ, இல்லையேல் ஆறு மாதம் சிறை என்று ஆணை. சிறைக்கே போவேன் என்றார் அவர்! 1888இல் பணம் கொடுத்து வழக்கு முடிந்தது. 1889இல் இங்கிலாந்து சென்றார். மருத்துவராகத் திரும்பி சூரத்தில் பணி செய்தார். வீரம்தான், யார் மறுத்தார்? ஆனால் அந்த வீரத்துக்குப் பின்னே, மருத்துவரான மாற்றாந்தந்தையின் வீடு இருந்தது. வழக்குக்கும் படிப்புக்கும் பணம் திரட்டிக் கொடுத்த நண்பர் கூட்டம் இருந்தது. ஏடுகளில் எழுதிய துணிவுள்ள பேனாக்கள் இருந்தன. வீடும் பணமும் ஆளும்! நாம் மேலே எண்ணிய பட்டியலை மறுபடி பாருங்கள்.

நம் காலத்துக்கு வருவோம். நம் பக்கத்துக்கே வருவோம். சென்னையில் 2001இல் தொடங்கிய பி.சி.வி.சி. என்ற அமைப்பு, குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களோடு பணியாற்றுகிறது. தீக்காயம் பட்டு உயிர் பிழைத்தவர்களும் அவர்களில் உண்டு. 2018இல் அந்த அமைப்போடு சேர்ந்து, உணவுத் தொழில் நடத்தும் ஒருவர் ரைட்டர்ஸ் கஃபே என்ற சிற்றுண்டிச்சாலையைத் திறந்தார். தீயில் வெந்து மீண்ட பெண்கள் அங்கே ரொட்டியும் கேக்கும் செய்யப் பயிற்சி பெற்று, சம்பளத்துக்கு அமர்ந்தார்கள். எண்ணிப் பாருங்கள்: எந்த நெருப்பு அவர்களை அழிக்க ஏவப்பட்டதோ, அதே நெருப்பை அடுப்பிலே அடக்கி, அதன் முன்னே நின்று கூலி வாங்கினார்கள்! கண்ணாடியைப் பார்க்கவே கூசியிருக்கக்கூடிய முகங்கள் மக்கள் முன்னே வந்து நின்றன. எது செய்தது இதை? சொற்பொழிவா? தொழில் கற்றுக்கொடுத்தவர் இருந்தார். மாதச் சம்பளம் இருந்தது. அருகிலே தன்னைப் போன்ற இன்னொருத்தி இருந்தாள். புண் ஆறுவதற்குப் பூசையும் தேவைப்படவில்லை; புகழ்மாலையும் தேவைப்படவில்லை.

மறுப்புரைகள் சில

"பெண்கள் பொய் வழக்குப் போடுகிறார்களே?" பொய் எங்கே இருந்தாலும் நீதிமன்றம் சலித்து எடுக்கட்டும். கேட்டவுடன் கைது செய்யும் வழக்கத்துக்கு 2014இல் அர்னேஷ் குமார் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டுவிட்டது. 2005ஆம் ஆண்டின் சட்டமோ எடுத்த எடுப்பில் எவரையும் சிறைக்கு அனுப்புவதன்று: கூரை கேட்கிறது, கஞ்சிக்குக் காசு கேட்கிறது, அடிக்காதே என்று ஆணை கேட்கிறது. ஆணையை மீறியவனுக்குத்தான் சிறை. அடிக்காதவனுக்கு, அடிக்காதே என்ற ஆணையால் என்ன நட்டம்?

"குடும்பம் சிதைகிறதே?" சிதைத்தது கை, சிதைந்ததைச் சொன்னது வாய். கையை விட்டுவிட்டு வாயைத் தண்டிக்கும் நீதி எந்த ஊர் நீதி?

"ஒருமுறை சமாதானம் பேசி அனுப்பிப் பார்ப்போமே?" இதைத்தான், தோழர்களே, நம்மவர்களும் செய்கிறார்கள். மேடையில் பெண்ணுரிமை, திண்ணையில் பஞ்சாயத்து! அடித்தவன் நம் மன்றத்து உறுப்பினன், நல்ல பேச்சாளன், கொடி ஏற்றுவதில் முதல் ஆள் என்றால் நம் நாக்கு எவ்வளவு மெல்லச் சுழல்கிறது! தாலி கட்டாமல் மணந்துகொண்டவனுக்குத் தடி எடுக்க உரிமை வந்துவிடுமா? பிரிந்து போக முனையும் வேளையே பெண்ணுக்குப் பெரும் ஆபத்தான வேளை என்று உலகெங்கும் இதை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். அந்த வேளையில் சமாதானம் பேசி அவளைத் திருப்பி அனுப்புகிறவன், தூது போகவில்லை, பிடித்துக் கொடுக்கிறான்.

"நாங்கள் உதவினோம், அவளே திரும்பிப் போய்விட்டாளே?" போகட்டும். பல முறை போய்ப் பல முறை வந்த பிறகே பலர் முற்றிலும் வெளியேறுகிறார்கள். ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து வைப்பதே நம் கடமை. மனம் மாறியதற்காக அவளை வைவோமானால், அடுத்த முறை அவள் நம்மிடம் வர மாட்டாள். எங்கும் போகாமலே போய்விடுவாள்.

செய்ய வேண்டியது

ஒவ்வோர் ஊர் மன்றத்துக்கும் நாம் வைக்கும் வேலைத்திட்டம் பெரிதன்று. தனித்த பெண்ணுக்கும் வீடு தருவோம் என்று ஒப்பும் ஐந்து வீட்டுக்காரர்களைத் தேடுங்கள். அவர்கள் பெயரை மனத்தில் வையுங்கள், சுவரில் எழுதாதீர்கள். அட்வான்ஸுக்கு ஒரு நிதி சேருங்கள். மாநாட்டு வளைவு ஒன்றின் செலவு இரண்டு பெண்களின் அட்வான்ஸுக்குப் போதும். ஆதார், அட்டை, வங்கி ஏடு ஆகியவற்றை அவள் பெயருக்கு மாற்ற அலுவலகம் அலுவலகமாக அலைய ஒருவரை அமர்த்துங்கள். பொன்னேரி நீதிமன்றத்துக்கும் திருவள்ளூர் அலுவலகங்களுக்கும் அவளோடு போய்வர, முடிந்தவரை பெண் தோழர்களே முன்வாருங்கள். பிள்ளையைப் பள்ளியில் சேருங்கள். அவள் எங்கே இருக்கிறாள் என்று எவன் கேட்டாலும், உறவினன் என்றாலும் ஊர்ப் பெரியவன் என்றாலும், வாய் திறவாதீர்கள். அவளை மேடையேற்றிக் கதை சொல்லச் சொல்லாதீர்கள். அவள் துயரம் நம் கூட்டத்துக்கு அலங்காரத் தோரணம் அன்று.

அரசிடம் கேட்க வேண்டியவற்றை உரக்கக் கேளுங்கள். ஐந்து நாளை ஆறு மாதமாக்கு. ஐந்தாண்டுக் காத்திருப்பை அடியோடு நீக்கு. வெளியேறியவளுக்கும் உதவி உண்டு என்று விதியில் எழுது. தொழிற்பேட்டை விடுதிகளில் பிள்ளையோடு வரும் தாய்க்கு அறை ஒதுக்கு. ஆலைகளில் காப்பகம் உண்டா என்று எண்ணிப் பட்டியலை வெளியிடு. மாவட்டத் தலைநகருக்கு அவளை அலையவிடாமல், பாதுகாப்பு அலுவலர் வாரம் ஒரு நாளாவது பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் அமரட்டும்.

1929இல் செங்கற்பட்டிலே கூடியவர்கள் வாசற்கதவைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தது. அதன் வழியே பெண்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். வெளியே வந்து, இருபுறமும் பார்த்து, எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள். அவர்களை நோக்கி நடக்க வேண்டியவர்கள் நாம். நடக்கும்போது, தோழர்களே, மாலையை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ஒரு சாவியைக் கொண்டு வாருங்கள்!